ஏழு மணிக்கு அணைந்த டிவி

அன்புள்ள தம்பி,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் நீ காலையில் எத்தனை இட்லி சாப்பிட்டாய் என்பதுவரை அம்மா எனக்கு ஒப்பித்துவிடுவதால் அதை விட்டுவிடுகிறேன். என்ன திடீரென்று கடிதம், போனில் சொன்னால் ஆகாதா என்று நீ யோசிப்பாய். போனில் நாம் பேசுகிற பேச்சின் நீளம் உனக்கே தெரியும். "நல்லா இருக்கேன்பா. அங்கன மழை உண்டா? சரி, அம்மாட்ட குடுங்க." பதினோரு வருடமாக இதே மூன்று வாக்கியம்தான். அது உன் சுபாவம், பையன் அழுத்தக்காரன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம்தான் எனக்குக் காரணம் தெரிந்தது. இன்னும் இருபது நாளில் உனக்குக் கல்யாணம். கோயிலில் மாலையும் கழுத்துமாக நிற்கிறவனிடம் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி, நீ சிரிக்கக்கூடாது. உன் அப்பா நான் இப்போது ரிமோட்டுகளின் கோடு, அதாவது பட்டனை அழுத்தினால் அவை டிவிக்கு அனுப்புகிற எண் வரிசை, அதைப் பிடிக்கிற ஆளாகிவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு காலை பத்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேனா, அப்படி நடந்ததில் நம் பழைய டிவியின் ரிமோட்டைத் தட்டி, அம்மா தரை துடைக்க வைத்திருந்த வாளிக்குள் போட்டுவிட்டேன். ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் புதைத்து வைத்தேன். "அரிசிக்குள்ள என்னத்தப் போட்டு வச்சிருக்கிய? நாளைக்குச் சோத்துல பட்டன் கிடந்தா நீங்கதான் திங்கணும்" என்று அம்மா சத்தம் போட்டாள். வெளியே எடுத்தபோது பவர் பட்டனுக்கு மட்டும்தான் உயிர் இருந்தது. பஜாரில் ஒரு கடை விடாமல் கேட்டுவிட்டேன். அந்த மாடலுக்கு ரிமோட் இப்போது வருவதில்லையாம். செல்போன் பழுது பார்க்கிற தம்பி ஒருவர்தான் சொன்னார், "சார், கோடு கிடைச்சாப் போதும், போன்ல இருந்தே அனுப்பிரலாம். இதுக்குன்னே கோடு பிடிச்சு நெட்டுல போட்டு வைக்கிற ஆளுக உண்டு."

அப்படித்தான் உள்ளே போனேன். போனவன் வெளியே வரவில்லை. ரிமோட்டின் வெளிச்சத்தை வாங்குகிற, மூன்று காலுள்ள சின்ன ரிசீவரையும், அதை மாட்ட ஒரு போர்டையும் வாங்கிப் போட்டு, வீட்டிலுள்ள ரிமோட்டையெல்லாம் அதன் முன்னால் நீட்டி அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் கம்ப்யூட்டர் திரையில் பூஜ்யமும் ஒன்றுமாக ஒரு வரிசை வந்து விழுந்தது. முப்பது வருடம் கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர் எண்ணையும் சீல் எண்ணையும் காகிதத்தோடு ஒத்துப் பார்த்தே பிழைத்தவனுக்கு இதைவிட ருசியான வேலை உண்டா? பக்கத்து வீட்டு ஃபேன், போதகர் வீட்டு ஏசி என்று கேட்டு வாங்கிக் கோடு பிடித்து, நெட்டில் அந்த ஆட்கள் வைத்திருக்கிற குழுவில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி போட்டு வைத்தேன். நம் முத்தையாபுரத்து ஃபேன் ஒன்றின் கோட்டுக்கு எங்கோ பனி கொட்டுகிற நாட்டிலிருந்து ஒருவர் நன்றி எழுதியிருந்தார். பனியில் அவருக்கு ஃபேன் எதற்கு என்று அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கிறுக்கு உனக்குப் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையிலேயே தொடங்கியது, எனக்குத் தெரியும். என் போனை வாங்கி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இங்க பாருங்க, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்று கூப்பிட்டாய். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் "கண்ணுக்குத் தெரியாததை எப்படிலே பாக்கது" என்று சொல்லிவிட்டு என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். போன மாதம் நானே அப்படிப் பிடித்துப் பார்த்தேன். ரிமோட்டின் நுனியில் இளம் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு மினுக்கியது. நன்றாக இருந்தது தம்பி. நீ கூப்பிட்டபோதே பார்த்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைப்பது பயத்தினால்தான்.

நீ பதினோராம் வகுப்பு படித்த அந்த வருடத்தை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆனால் எனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்த்த டீக்கடை அண்ணாச்சி கடைக்கு டிவி வாங்க வேண்டும் என்றபோது, நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போய் நம் வீட்டில் இருக்கிற அதே கம்பெனி, அதே மாடலை வாங்கிக் கொடுத்தேன். "அடிச்சுப் போட்டாலும் ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி" என்று உத்தரவாதம் வேறு. துறைமுகத்துக்குப் போகிற லாரி டிரைவர்களெல்லாம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அங்கேதான் கிரிக்கெட் பார்ப்பார்கள். அந்த டிவி வந்த வாரத்திலிருந்தே மாலை ஏழு மணி ஆனால் தானாக அணையும். அண்ணாச்சி ஸ்டூலில் ஏறி மறுபடி போடுவார். ஏழரைக்கு இன்னொரு தடவை அணையும். கடையில் பேய் இருக்கிறது என்றார்கள், வயரிங் சரியில்லை என்றார்கள். கடைசியில் ஒருவர் என்னிடமே சொன்னார், "சார், உங்க பய ரிமோட்டுக்கு என்னமோ மிஷின் செஞ்சு வச்சிருக்கான்லா? அவன் சோலியாத்தான் இருக்கும்."

நான் யோசிக்கவில்லை. மேட்ச் கடைசி ஓவரில் நிற்கும்போது டிவி அணைந்து கடையே கத்திய அந்த வியாழக்கிழமை, ஏழரை மணி, நாம் ஜெபம் முடித்து எழுந்திருந்த நேரம். சோப்பு டப்பாவுக்குள் நீ வயர் வயராகக் கட்டி வைத்திருந்த போர்டை ஒரு கையிலும், உன்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். "ஏலே, அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேளு" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்து, "நான் செய்யலப்பா" என்றாய். ஒரே ஒரு தடவைதான் சொன்னாய். நான் சோப்பு டப்பாவைத் தரையில் போட்டு மிதித்தேன். அத்தனை ரிமோட்டின் கோடுகளையும் நீ நீல மையில் எழுதி வைத்திருந்த நீள நோட்டை அம்மா எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள், அதைக் காட்டியாவது என்னைச் சமாதானப்படுத்தலாம் என்று நினைத்திருப்பாள் போல. அதைப் பிடுங்கி, "இத அடுப்புல போடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தயங்கினார். நானே போட்டேன். நீ அழவில்லை. அட்டை சுருண்டு கருகுகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாய்.

மறுநாளிலிருந்து கடையில் டிவி அணையவில்லை. நான் நினைத்தது சரியென்று ஆகிவிட்டதல்லவா? போதாததற்கு நீயும் மாறினாய். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எழுந்துபோய், சுவரிலுள்ள சுவிட்சில் டிவியை அணைத்துவிட்டுப் பாய் விரித்து உட்கார்ந்தாய். ஜெபம் முடிந்ததும் நீயே சுவிட்சைப் போட்டாய். பையனுக்குப் பயபக்தி வந்துவிட்டது, கண்டிக்க வேண்டிய நேரத்தில் கண்டித்ததற்குப் பலன் என்று வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சியே சொன்னேன் தம்பி. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு நீ கல்லூரிக்குப் புறப்பட்டு முத்துநகர் ரயிலில் ஏறியபோது, அம்மாவிடம் சொன்ன கடைசிப் புத்திமதிகூட டிவியைப் பற்றித்தான்: "சுவிட்சுலயே அணைங்கம்மா, கரண்டு மிச்சம்." அவள் இன்றுவரை அப்படியேதான் செய்கிறாள்.

போன மாதம், அரிசிப் பானையில் பிழைத்த அந்த ஒற்றைப் பவர் பட்டனின் கோட்டைப் பிடிக்கப் பார்த்தேன். ஒரு தடவை அழுத்தினால் ஒரு வரிசை, மறு தடவை அழுத்தினால் வேறொரு வரிசை. பதினான்கு இலக்கத்தில் மூன்றாவது மட்டும் மாறி மாறி வந்தது. தண்ணீர் உள்ளே புகுந்து ரிமோட்டுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக் குழுவில் கேட்டேன். ஒருவர் பதில் போட்டார்: "அது பிழை இல்லை சார். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறோமா, எடுத்துவிட்டுப் புதிதாக அழுத்துகிறோமா என்று டிவிக்குத் தெரிவதற்காக அந்த இலக்கம் மாறும். இந்த மாடலுக்கே பழைய ஃபைல் ஒன்று இருக்கிறது, அதில் அழகாக எழுதியிருக்கிறார்கள், பாருங்கள்." ஃபைலைத் திறந்தேன். போட்டவருடைய பெயர் இருக்கும் இடத்தில் நம் ஊர்ப் பெயரும், உன் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்ணும் இருந்தன.

தேதியைப் பார்த்தேன். நோட்டு எரிந்து மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. எல்லாப் பட்டனுக்கும் கோடு இருந்தது. நோட்டும் இல்லை, கருவியும் இல்லை, மனதிலிருந்தே எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, ஆங்கில எழுத்தில் நம் தமிழில் ஒரு குறிப்பு. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தேன்: "இதே மாடல் எதுத்த டீக்கடையிலயும் உண்டு. ரெண்டுக்கும் பவர் கோடு ஒண்ணுதான். சன்னல் திறந்திருந்தா ரோடு தாண்டியும் பிடிக்கும். டெஸ்ட் பண்ணித் தந்தது எங்கப்பா, தினமும் ஏழு மணிக்கும் ஏழரைக்கும்."

தலையைத் தூக்கி அறையைப் பார்த்தேன். சன்னலுக்குக் கீழே டிவி. அதற்கு எதிரே என் நாற்காலி. ஏழு மணிக்கு ஜெபத்துக்காக ரிமோட்டை நீட்டி அணைப்பவன் நான். ஏழரைக்கு மறுபடி நீட்டிப் போடுகிறவனும் நான். போடுவதற்கும் அணைப்பதற்கும் ஒரே பட்டன், இங்கே போட்டால் அங்கே அணையும். சேனலுக்கும் சத்தத்துக்கும் செட்டாப் பாக்ஸின் ரிமோட், அதனால் அந்த இரண்டு அழுத்தல் மட்டும்தான் சன்னலைத் தாண்டிப் போயிருக்கிறது. என் கண் முன்னால் நடந்தது, என் விரலால் நடந்தது. ஏழு மணிக்கு நீ என் பக்கத்திலேயே முழங்காலில் நின்றுகொண்டிருந்தாய். கன்டெய்னர் எண்ணில் கடைசியாக ஓர் இலக்கம் உண்டு. மற்ற எண்களெல்லாம் சரியா தப்பா என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அதைச் சரிபார்க்காமல் ஒரு பெட்டியைக்கூட நான் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. என் பிள்ளை விஷயத்தில் எதையும் சரிபார்க்கவில்லை.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருக்கும்போதே சொல்ல வேண்டும் என்றுதான் அந்த நேரமாகப் பார்த்துப் போனேன். உன்னை நிறுத்திய அதே இடத்தில் நின்று நடந்ததையெல்லாம் சொல்லி, "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அதுக்கு இப்பம் என்ன சார்? அந்த மேட்சுதான் தோத்துப்போச்சே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதிய? பயகிட்ட சொல்லிட்டியளா?" என்றார். இல்லை என்றேன். "பெறகு?" என்றார். டீ ஆறிப்போகிறவரை கையிலேயே வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். மூன்று தடவையும் சொல்ல வாயெடுத்தேன். "மழை உண்டா" என்று கேட்டாய், "இல்லை" என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அறுபது வயதுக்காரனின் தைரியம் அவ்வளவுதான்.

தம்பி, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு உரிமையில்லை. நீ சொன்னாய். ஒரு தடவை, தெளிவாகச் சொன்னாய். பொய் சொல்கிறவன்தான் நாலு தடவை சத்தியம் செய்வான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குற்றம் என் விரலில்தான் என்று உனக்குத் தெரிந்த பிறகும், ஊர் முன்னால் அப்பாவுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று தினமும் எனக்கு முந்திக்கொண்டு போய் சுவிட்சை அணைத்திருக்கிறாய். பதினாறு வயதில் அந்தப் பெருந்தன்மை உனக்கு எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்து இல்லை என்பது மட்டும் நிச்சயம். அம்மாவாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு முன் அப்பா என்றால் புத்திமதி சொல்ல வேண்டுமாம். தப்புச் செய்தவனின் புத்திமதி, வேண்டியதை எடுத்துக்கொள். டிவி ரிமோட் எந்தப் பட்டனை அழுத்தினோமோ அதை மட்டும்தான் அனுப்பும். ஏசி ரிமோட் அப்படியில்லை. ஒரு டிகிரி கூட்டினாலும், குளிர் எவ்வளவு, காற்று எவ்வளவு, எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று முழு நிலவரத்தையும் ஒவ்வொரு தடவையும் சேர்த்தே அனுப்பிவிடும். போதகர் வீட்டு ஏசியின் கோடு திரையில் முழ நீளம் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது யோசித்தால் வீட்டுக்குள் அப்படித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. வரப்போகிறவளிடம் "ஒண்ணுமில்ல" என்று ஒற்றை வார்த்தையில் நிறுத்தாதே. அலுவலகத்தில் என்ன நடந்தது, மனசு எங்கே இருக்கிறது, ஏன் முகம் அப்படி இருக்கிறது என்று முழுசாகச் சொல். மனதில் வைத்துக்கொண்டு சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வராதே. என்னிடம் நீ அப்படிச் செய்தது என் பிழை. அவளிடம் செய்தால் உன் பிழை.

இன்னொன்று, அவள் எதையாவது "நான் செய்யல" என்று ஒரு தடவை சொன்னால் அந்த ஒரு தடவையே போதும் என்று வைத்துக்கொள். சரிபார்க்க வேண்டுமானால் முதலில் உன் கையைப் பார்.

உன் ஃபைலிலிருந்த அத்தனை கோட்டையும் நீள நோட்டு ஒன்றில் நீல மையில் நான் எழுதி வைத்திருக்கிறேன். நீ அந்தக் காலத்தில் போட்டு வைத்த மற்ற பதினேழு ஃபைலையும் தேடிப் பிடித்து அதில் சேர்த்திருக்கிறேன். பின்பக்கத்தில் நான் பிடித்த கோடுகள் சில இருக்கின்றன, அதில் பிழை இருந்தால் திருத்திக் கொடு. இது அந்த நோட்டுக்கு ஈடாகாது. அம்மா வாங்கி வைத்திருக்கிற மக்ரூன் டப்பாவோடு சேர்த்து அனுப்புகிறேன். மக்ரூனை நொறுங்காமல் கட்டியது அம்மா, நோட்டு நனையாமல் கட்டியது நான்.

ஒரே பட்டன்தான் என்றாலும் விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் அது புதுச் செய்தியாம். டிவிக்கே அது தெரிகிறது. அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது போனை நான்தான் எடுப்பேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மழையைக் கேட்காதே. அன்றைக்கு டீக்கடையில் நின்று என் முகத்தைப் பார்த்து நீ சொன்னாயே, அந்த இரண்டு வார்த்தையை இன்னொரு தடவை சொல்.

இந்தத் தடவை நான் சரியான பதிலைச் சொல்கிறேன்.

உன் அப்பா